கோட்டை பிடித்த இரவு

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், அங்கே யார் யாரை வெட்டினார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பான். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

சென்ற மாதம் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். என் தம்பியின் பேரனுக்குப் பிறந்தநாள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம். ஆனால் ஆபீஸுக்குப் போவதில்லை. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறான். பகலெல்லாம் கணக்கும் கடிதமும். மாலையில் கேக் வெட்டினான். இரவு காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவன், நடுநிசிக்கு மேல் "பிடிச்சாச்சு!" என்று ஒரு கூச்சல் போட்டான். நான் பாயிலிருந்து எழுந்துவிட்டேன்.

"என்னடா பிடித்தாய்?"

"கோட்டை, தாத்தா! பெங்களூரிலே ஒருத்தன், கோயம்புத்தூரிலே ரெண்டு பேர், இங்கே நான். நாலு பேரும் சேர்ந்து ஆடினோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துச் செஞ்சிக் கோட்டையை நினைத்துக்கொண்டேன். சிவாஜியின் மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்திருந்த அந்தக் கோட்டையை, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690-ல் முற்றுகையிட்டு 1698-ல்தான் பிடித்தான். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டான். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோ 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிடித்துவிட்டான். ஆகவே என் பேரன் புஸ்ஸியின் கட்சி!

சிரிப்பு அடங்கியதும் தூக்கம் வரவில்லை. ராஜா தேசிங்கு 1714 அக்டோபர் 3-ம் தேதி போர்க்களத்தில் மாண்டான் என்று படித்திருக்கிறோம். அவன் பிறந்தநாளன்று அரண்மனையில் என்ன சமைத்தார்கள்? ஏழாண்டு முற்றுகையில் கோட்டைக்குள் முடங்கிக் கிடந்த சிப்பாய்கள் மாலைப் பொழுதை எப்படிக் கழித்தார்கள்? கணக்கெழுதிய குமாஸ்தாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததா? 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கல்லுக்குக் கிடைத்த பாக்கியம் அந்தக் குமாஸ்தாவுக்குக் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் மட்டும் ஒரு புண்ணியவான் இருந்தார். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761-ல் கண்மூடும் காலம் வரை தினப்படி எழுதி வைத்தார். கப்பல் வந்தது, துணி வியாபாரம், கவர்னரோடு பேசிய பேச்சு, பிரெஞ்சு ராஜாவின் பெயருக்குரிய திருநாளில் போட்ட பீரங்கிக் குண்டு, வீட்டுக் கல்யாணம் எல்லாம் அதில் உண்டு. நடை இலக்கண சுத்தமானதல்ல. பேச்சுத் தமிழும் பாரசீகமும் போர்த்துகீசியமும் கலந்து வரும். ஆபீஸிலிருந்து திரும்பிய மனிதர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அந்த ஏடுகள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1846-ல்தான் கால்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. பிறகு சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. நடுவில் யாராவது அவற்றை எடைக்குப் போட்டிருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் தகப்பனார் குமாஸ்தா. தினமும் இரவு நான்கு வரி எழுதுவார். அவர் காலமான வருஷம், வீட்டை ஒழித்தபோது, அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவன் நான்தான். அப்போது நான் பல்லவர் காலத்தைப் பற்றி மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்!

ஒரே ஒரு நோட்டு தப்பியது. அம்மா அதன் பின்பக்கங்களில் கோலம் போட்டுப் பழகியதால் சமையலறை அலமாரியில் தங்கிவிட்டது. அதில் ஒரு நாள்: "வைகாசி 14. ஜமாபந்தி. கணக்கில் மூன்றணா இடிக்கிறது. பெரியவனுக்குப் பத்து வயது. பாயசம். இரவு மண்டபத்தில் ஆடுபுலி. மூன்று புலியையும் கட்டினோம்."

ஆபீஸ், பிறந்தநாள், சிநேகிதர்களோடு ஆட்டம். கல்லில் கீறிய கோட்டுக்குப் பதில் இப்போது கண்ணாடித் திரை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மூன்றணா பிறகு சரியாயிற்றா என்பது எனக்கு இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை. அடுத்த நோட்டு எந்தக் கடையில் பொட்டலமாயிற்றோ!

காலையில் பேரனிடம் நோட்டைக் காட்டினேன்.

"எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, தாத்தா. எல்லாம் போனிலேயே இருக்கும்."

"போன வருஷப் பிறந்தநாளன்று என்ன செய்தாய்? காட்டு, பார்க்கலாம்."

வெகு நேரம் தேடினான். பிறகு மெல்லச் சொன்னான்: "அது பழைய போன், தாத்தா. தண்ணியிலே விழுந்துடுச்சு."

கடைத்தெருவுக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.

"என்ன எழுதறது?"

"நேற்று ஆபீஸ் வேலை. பிறந்தநாள். ராத்திரி கோட்டை பிடித்தோம். அவ்வளவுதான்."

எழுதினான். பேனாவை மூடப் போனவனைத் தடுத்து, "தாத்தா வந்திருந்தார் என்றும் ஒரு வரி போட்டுவிடு" என்றேன்.