ஆண் குழந்தைக்குப் பழமையும் பரவலும் கொண்ட பெயர்: தேர்வு முதல் பதிவு வரை கவனிக்க வேண்டியவை

வித்துரா (திருவனந்தபுரம்): பொன்முடி மலையடிவாரத்தில் அமைந்துள்ள வித்துராவிலும் சுற்றுவட்டாரத்திலும், இந்துக் குடும்பங்களில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் நூல் கட்டும் சடங்கு நடைபெறுவது வழக்கம். 'இருபத்தெட்டு கெட்டு' எனப்படும் இச்சடங்கில் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெயரை மும்முறை ஓதுவர். சில குடும்பங்கள் ஆறாம் மாதச் சோறூட்டு விழா வரை பெயரைத் தள்ளிவைப்பதும் உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாள் அகீகாவின்போதும், கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போதும் பெயர் சூட்டப்படுகிறது.

பிறப்புப் பதிவேட்டின் நாள்கணக்கு வேறு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரின்றிப் பதிவு செய்து, பின்னர் பெயரைச் சேர்த்துக்கொள்ள அச்சட்டத்தின் 14ஆவது பிரிவு இடமளிக்கிறது. பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம் என்பது பொது விதி.

இந்தச் சலுகையே பல பெற்றோரை அசட்டையாக இருக்கச் செய்கிறது. பெயர் இல்லாத சான்றிதழால் என்ன நேரும் என்பதற்குக் கேரள உயர் நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு முடிவுக்கு வந்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரிந்து வாழ்ந்த பெற்றோர் தங்கள் மகளுக்கு ஆளுக்கொரு பெயரை வலியுறுத்தினர். பெயரில்லாத பிறப்புச் சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை. பெயர் சேர்க்கப் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்றார் பதிவாளர். மூன்று வயதைக் கடந்த அக்குழந்தைக்கு, பாதுகாவலர் என்ற நிலையில் நீதிமன்றமே பெயர் சூட்டியது. தாய் விரும்பிய பெயரைத் தேர்ந்த நீதிபதி பெச்சு குரியன் தாமஸ், அதனுடன் தந்தையின் பெயரையும் இணைத்து உத்தரவிட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பிறப்புச் சான்றிதழின் எடையைக் கூட்டியுள்ளது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசுப் பணி நியமனம் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் அச்சான்றிதழே ஆதாரம். அதில் ஏறும் பெயர்தான் பின்னர் எல்லா ஆவணங்களுக்கும் செல்கிறது.

பழமையும் வேண்டும், அதே வேளையில் இன்றும் புழக்கத்தில் இருக்க வேண்டும் என்று தேடுவோர் முதலில் வந்து நிற்கும் பெயர்கள் கிருஷ்ணன், அர்ஜுன், கார்த்திக், ஆதித்யன், விஷ்ணு போன்றவை. இவற்றை உச்சரிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருக்கும் நிலையும் இவற்றால்தான் வருகிறது.

இச்சிக்கலைத் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல தலைமுறைகளாகக் கையாண்டுள்ளது. அங்கு ராமவர்மா, மார்த்தாண்டவர்மா, பலராமவர்மா என்ற சில பெயர்களே திரும்பத் திரும்பச் சூட்டப்பட்டன. யார் எவர் என்று பிரித்தறிய உதவியது பிறந்த நட்சத்திரம். இசைக்குப் பெயர்பெற்ற சுவாதித் திருநாளின் இயற்பெயர் ராமவர்மா. 'தர்ம ராஜா' எனப்பட்ட கார்த்திகைத் திருநாளும் ராமவர்மாவே. கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் பெயர் பலராமவர்மா. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தாய்சேய் சிகிச்சைக்கென உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனையும், சிறு வயதில் மறைந்த அவிட்டம் திருநாள் என்ற இளவரசரின் நினைவாகவே அப்பெயர் பெற்றது.

சாதாரணக் குடும்பங்களில் நட்சத்திரத்தின் வேலையை வீட்டுப் பெயரும் தந்தை பெயரும் செய்தன. தமிழ்நாட்டில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வருகிறது. கேரளத்தில் வீட்டுப் பெயர், தந்தை பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகள் பெரும்பாலும் பின்னால் வருகின்றன. எனவே மிகப் பரவலான பெயரைத் தேர்ந்தெடுப்போர், முதலெழுத்தை மட்டும் இடாமல் தந்தை அல்லது தாயின் பெயரை முழுமையாகச் சேர்த்துப் பதிவது நல்லது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்கப்படும்போதும் இது கைகொடுக்கும்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது பழமையான பெயரைப் பெறுவதற்கு எளிய வழி. 'பெயரன்' என்ற சொல்லே 'பேரன்' என மருவியது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரும், அடுத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரும் சூட்டுவது மரபு. யாக்கோபு சாக்கோவாகவும், மத்தேயு மத்தாயியாகவும், ஜார்ஜ் வர்கீசாகவும் மலையாள நாவில் உருமாறி நிலைத்தது இப்படித்தான். இடையில் பிஜு, ஷிபு, ஷாஜி போன்ற ஈரசைப் பெயர்கள் மதபேதமின்றிப் பரவின. அவற்றை வைத்திருப்போர் பலரும் இன்று தந்தையராகவோ தாத்தாவாகவோ இருப்பதால், அப்பெயர்கள் ஒரு தலைமுறையின் அடையாளமாகவே நின்றுவிட்டன.

பழம்பெயர்கள் எல்லோருக்கும் எப்போதும் கிடைத்தவையும் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் பிள்ளைகளுக்கு உயர்ந்தவையாகக் கருதப்பட்ட பெயர்களை இட முடியாத காலம் இப்பகுதியில் இருந்தது. தமிழ்நாட்டிலோ தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பெயரையே மாற்றத்தின் கருவியாக்கின. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். கபிலன், பாரி, இளங்கோ, செழியன் ஆகியவை இன்று எளிதாகக் காதில் விழுவதற்கு அந்த மாற்றமும் காரணம். வித்துராவை அடுத்த மலைத்தொடரில் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தின் பெயரைத் தாங்கும் 'அகத்தியன்', தமிழ், மலையாளம் இரண்டிலும் பொருந்துவது. கார்த்திக் அளவுக்கு நெரிசலும் இல்லை. எல்லைப் பகுதிக் குடும்பங்கள் இத்தகைய இருமொழிப் பெயர்களை முதலில் பரிசீலிப்பது தகும். பத்மநாபன், நீலகண்டன், குமரன், மாதவன் ஆகியவையும் இவ்வகையின.

ஆங்கில எழுத்துக்கூட்டில்தான் பின்னாளைய அலைச்சல் தொடங்குகிறது. கார்த்திக் என்பதில் 'டி'யை அடுத்து 'எச்' வருமா என்பதற்கே தென்னிந்தியாவில் ஒரு வழக்கமும் வடக்கே வேறொரு வழக்கமும் உள்ளன. ழகரத்துக்கு 'இசட், எச்' இடப்படுவதால் செழியனை வடக்கே 'செசியன்' என்று வாசிக்கக்கூடும். எந்த எழுத்துக்கூட்டு என்பதை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் இருவரும் ஒப்பிய பின்னரே விண்ணப்பத்தில் இட வேண்டும். ஆதாரில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றுமாக அமைந்தால் திருத்தத்துக்கு அலைய நேரும்.

பெயர் சேர்க்கும் விண்ணப்பம் குடும்பம் வசிக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தின் உள்ளாட்சியில் அளிக்கப்பட வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. வித்துராவைச் சேர்ந்த தாய்க்கு எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் மகப்பேறு நிகழ்ந்திருந்தால் பதிவு திருவனந்தபுரம் மாநகராட்சியில் இருக்கும். நெடுமங்காடு அரசு மருத்துவமனையில் என்றால் நெடுமங்காடு நகராட்சியில். வித்துரா கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குள் பிறந்த குழந்தையின் பதிவேடு மட்டுமே அப்பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கும்.