டெர்லிங்குவாவின் சின்ன வீடுகள்

காசிட்டா என்றால் ஸ்பானிய மொழியில் சின்ன வீடு. முன்பதிவு செய்தபோது இதை நண்பனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆஸ்டினிலிருந்து கிளம்பிய எட்டு மணி நேரமும், "மச்சி, சின்ன வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தான். வேடிக்கை என்னவென்றால், மெக்சிகோ ஸ்பானியத்திலும் 'காசா சீக்கா', அதாவது சின்ன வீடு, என்றால் நாம் சொல்கிற அதே அர்த்தம்தான்.

நாங்கள் போன ஊர் டெர்லிங்குவா. டெக்சஸின் தென்மேற்கு மூலையில், சிவாவா பாலைவனத்துக்குள் இருக்கிறது. சற்றுத் தெற்கே ரியோ கிராண்டே ஆறு, அதைத் தாண்டினால் மெக்சிகோ. ஓரளவு பெரிய ஊர் என்று சொல்லத்தக்க ஆல்பைன் வடக்கே சுமார் 130 கி.மீ. தள்ளி. நடுவில் முட்புதர், பாறை, வானம், அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கூரை இல்லாத சுவர்கள். மலைச்சரிவு முழுக்கக் கல்லும் மண்ணுமாக இடிந்த வீடுகள். அவற்றுக்கு நடுவே சிலவற்றை மட்டும் எடுத்துக் கட்டி, மேலே தகரம் போட்டு, உள்ளே கட்டிலும் குளியலறையும் வைத்து ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். எங்களுடையது ஒற்றை அறை. நண்பன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்றான்.

மதியம் வெளியே நிற்க முடியாத வெயில். உள்ளே வந்தால் ஆச்சரியமாகக் குளிர்ந்திருந்தது. மண்சுவரின் வேலை அது. அடோபே என்கிற அந்தப் பச்சைச் செங்கல் களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து வெயிலில் காயவைத்துச் செய்வது. தடிமனான சுவர் பகல் வெப்பத்தைக் குடித்துக்கொண்டு உடனே உள்ளே விடாது. அது சுவரைக் கடந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், அப்போது அறைக்கும் கொஞ்சம் சூடு தேவைப்படும். இயந்திரம் ஏதுமில்லாத குளிர்சாதனம். சுவரில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை யார் கட்டியது?

*

இந்த ஊரின் கதை ஒரு சிவப்புக் கல்லில் தொடங்குகிறது. நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்போமே, அதுதான். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. 1880களில் இந்தப் பகுதியில் சாதிலிங்கம் இருப்பது வெளியே தெரியவந்தது. 1903இல் ஹோவர்ட் பெர்ரி என்கிற சிகாகோ தொழிலதிபர் சிசோஸ் மைனிங் கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த 40 வருடம் டெர்லிங்குவா என்றால் பெர்ரி, பெர்ரி என்றால் டெர்லிங்குவா.

பாதரசம் எடுக்கும் முறை கேட்க எளிதானது. கல்லை வெட்டி, உடைத்து, உலையில் போட்டுச் சூடாக்க வேண்டும். பாதரசம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் திரவமாக வடியும். அதை இரும்புக் குடுவைகளில் அடைப்பார்கள். ஒரு குடுவை 34 கிலோவுக்கு மேல். முதல் உலகப்போர் வந்ததும் இந்தச் சரக்குக்கு அடித்தது யோகம். குண்டுகளை வெடிக்கச்செய்யும் மருந்தான மெர்க்குரி ஃபல்மினேட் இதிலிருந்துதான் வருகிறது. 1922 வாக்கில் அமெரிக்காவில் தோண்டப்பட்ட பாதரசத்தில் 40 சதவீதம் டெர்லிங்குவாவிலிருந்து போயிருக்கிறது.

தோண்டியவர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மெக்சிகோக்காரர்கள். 1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்த பிறகு, சண்டையிலிருந்து தப்பித்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூலி ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு டாலர். ஊரில் இருந்த கடை கம்பெனிக் கடை. கம்பெனியே அச்சடித்த கூப்பன் அங்கே காசாகச் செல்லும். அதாவது பெர்ரி ஒரு கையால் கொடுத்த கூலி, இன்னொரு கை வழியாகக் கல்லாவுக்கே திரும்பிவிடும்.

அந்தக் கடைதான் ஊரின் எல்லைக்கோடும். அதற்கு மேற்கே வெள்ளைக்காரர்கள், கிழக்கே மெக்சிகோக்காரர்கள். மெக்சிகோக்காரர்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கல் மலையிலிருந்து, மண் காலடியிலிருந்து. வேலை முடிந்து வந்தபிறகு, அம்மா அப்பாவிடம் பார்த்துக் கற்ற கைப்பழக்கத்தில் எழுப்பிய சுவர்கள். நான் கைவைத்துப் பார்த்த சுவரும் அந்த வகைதான்.

ஒரே சிக்கல், வீடு அவர்களுடையது, நிலம் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. ரகசிய ஷரத்து ஒன்றும் இல்லை இது. கம்பெனி ஊர் என்ற ஏற்பாடே அப்படித்தான் இயங்கும்.

வீடு ஏன் சின்னது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. உனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், பொழுது சாய்ந்தபின் கிடைக்கும் நேரத்தில், கையால் தூக்க முடிந்த கல்லைக் கொண்டு எவ்வளவு பெரிய வீடு கட்டுவாய்? நமக்கு இன்று அழகாகத் தெரியும் அந்தச் சின்னத்தனம் ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்கில் கூலியும் நேரமும் பயமும் இருக்கின்றன.

பெர்ரி தனக்கு மேற்குப் பக்கக் குன்றின்மேல் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். வளைவுகள் வரிசையாக வைத்த நீளமான தாழ்வாரம். ஆனால் பெரும்பாலும் வெளியூரிலேயே இருந்து கடிதம் வழியாகத்தான் சுரங்கத்தை நடத்தினார். ஊரிலேயே பெரிய வீடு, பல நாள் காலியாகக் கிடந்த வீடு.

*

உலைப்பக்கம் வேலை செய்தவர்களின் நிலைமை வேறு. பாதரச ஆவிக்கு வாசனை கிடையாது. மெதுவாகத்தான் பிடிக்கும். ஈறு வீங்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பற்கள் ஆட்டம் காணும், பிறகு கைநடுக்கம். ஆவி குளிரும் அறைகளைச் சுத்தம் செய்யப் போனவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கொடைக்கானல் ஞாபகம் வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் அப்படியே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு அந்த மலையில் நிறுவப்பட்டது. 2001இல் இழுத்து மூடினார்கள். 2003இல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அங்கே வேலை செய்தவர்கள் நிவாரணத்துக்காக 2016வரை போராட வேண்டியிருந்தது. டெர்லிங்குவாவுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஒரு கடலும் அரை நூற்றாண்டும் இருக்கலாம். ஆனால் இரண்டு ஊருக்கும் இன்று நாம் போவது காற்று வாங்க, காட்டேஜ் எடுத்துத் தங்க.

*

சுரங்கம் 1930களில் தளர்ந்தது. 1942இல் சிசோஸ் கம்பெனி திவாலானது. 1944இல் பெர்ரி இறந்தார். வாங்கிய வேறொரு கம்பெனி போர் முடியும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் காலியானது. வேலை போனால் வீடு போகும் என்ற விதி ஒரே சமயத்தில் எல்லோருக்கும் நிறைவேறியது. கூரை இல்லாத மண்சுவரை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

பிறகு ஊர் வேறு காரணங்களுக்காகப் பெயர் வாங்கியது. பக்கத்தில் 1944இல் பிக் பெண்ட் தேசியப் பூங்கா வந்தது. 1967இல் இரண்டு எழுத்தாளர்கள், மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைக்கும் சில்லி குழம்பை யார் நன்றாக வைப்பது என்று இங்கே வந்து போட்டி போட்டார்கள். சமன் என்று முடிந்த அந்தப் போட்டி வருடாந்திரத் திருவிழாவாகிவிட்டது. பெர்ரி காலத்துத் திரையரங்கு இப்போது உணவகம். கூரை போய் நட்சத்திரம் தெரிந்ததால் அதற்கு ஸ்டார்லைட் என்று பெயர். 2021இல் பூங்காவுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இவ்வளவு பேருக்கும் படுக்க இடம் வேண்டுமே. இடிந்த சுவர்களுக்கு விலை வந்தது அப்படித்தான்.

இதில் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? காசு கொடுத்துப் படுத்தவன் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரும் கூரை போடாமல் விட்டிருந்தால் அந்தச் சுவர் இந்நேரம் மண்மேடாகியிருக்கும். வாடகைதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. பெர்ரியின் மாளிகையிலும் இப்போது அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதலாளி வீடும் தொழிலாளி வீடும் ஒரே மாதிரி ஒரு இரவுக்கு இவ்வளவு. பார்க்கச் சமத்துவம் மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் பழைய கணக்கு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. சுற்றுலா வந்த இடங்களில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. ஒரு இரவு வாடகையில் வருகிற லாபம் மாத வாடகையில் வராது. உணவகத்தில் தட்டு எடுப்பவரும் காசிட்டாவின் போர்வையை மாற்றுபவரும் குடியிருக்க வீடு தேடி அலைகிறார்கள். டிரெய்லரிலும் பழைய பேருந்திலும் வாழ்பவர்கள் உண்டு. வேலை இங்கே, வீடு எங்கே என்று தெரியாது. அன்று வேலைக்காரனுக்கு ஒரு மண்வீடாவது இருந்தது.

*

கிளம்புகிற அன்று காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊருக்குள் நுழையும்போதே தெரிகிற இடம்தான். மரச்சிலுவைகள், பாதி சாய்ந்தவை. உடலின் மேல் குவித்த கற்கள். 1918இன் விஷக்காய்ச்சலில் போனவர்கள், சுரங்கத்தில் போனவர்கள். பல சிலுவைகளில் பெயர் அழிந்துவிட்டது. சில கல்லறைகளின் தலைமாட்டில் கல்லாலும் மண்ணாலும் ஒரு முழ உயரத்துக்குச் சின்னச் சின்ன மாடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். நவம்பர் 2, இறந்தோர் நாளில், அவற்றில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

நண்பன் ஒரு மாடத்தின் முன்னால் குனிந்து நின்றான். அதே கல், அதே மண், அதே கைப்பழக்கம். "இதுவும் காசிட்டாதான்டா" என்றான். எட்டு மணி நேரம் அடித்த ஜோக்கை அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குச் சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்த ஆள் மூன்று மணிக்கு வந்துவிடுவார்.