மித்தோ கோமோனின் ஐந்து முகங்கள்

ஜப்பானின் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1969 ஆகஸ்டில் தொடங்கி 2011 டிசம்பர் வரை பல பாகங்களாக ஒளிபரப்பான ‘மித்தோ கோமோன்’ என்னும் வரலாற்றுத் தொடர், 42 ஆண்டுகளில் 1,227 அத்தியாயங்களைக் கண்டது. ‘ஜிதாய்கெகி’ எனப்படும், சாமுராய்க் காலத்தைப் பின்புலமாகக் கொண்ட நாடக வகையில் இத்தனை நீண்ட ஆயுள் மிக அரிது. இந்தக் காலம் முழுவதும் கதைத்தலைவர் ஒருவரே என்றாலும், அவரை அடுத்தடுத்து ஐந்து நடிகர்கள் ஏற்று நடித்தனர். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பார்வையாளர்கள் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்று பார்த்தால், அவர்கள் காத்துநின்றது ஒரு நடிகரின் முகத்தையோ வரலாற்று உண்மையையோ விட, கதை சொல்லும் மரபு வகுத்துக் கொடுத்த ஒரு தோற்றத்தையே என்பது புலப்படும்.

கதைத்தலைவர் கற்பனையில் பிறந்தவரல்லர். தோகுகவா மித்சுகுனி (1628–1701), ஜப்பானை இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட ஷோகுன் மரபைத் தோற்றுவித்த இயேயாசுவின் பேரன். இன்றைய இபராக்கி மாவட்டத்திலுள்ள மித்தோ சிற்றரசின் இரண்டாம் தலைவர். ‘கோமோன்’ என்பது அவர் வகித்த அரசவைப் பதவிக்குரிய சீனமுறைப் பெயர். ‘தாய் நிஹோன்ஷி’ என்னும் மாபெரும் ஜப்பானிய வரலாற்று நூலைத் தொகுக்கும் பணியை அவரே தொடங்கிவைத்தார். அது நிறைவெய்தியது 1906இல்தான். அந்தப் பணிக்காக ஆவணங்களைத் தேடி நாடெங்கும் அலைந்தவர்கள் அவரிடம் இருந்த அறிஞர்களேயன்றி, மித்சுகுனி அத்தகைய நெடும்பயணம் எதையும் மேற்கொண்டதில்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில், ஹரிகதையைப் போல ஒருவரே அமர்ந்து, முன்னுள்ள சிறு மேசையை விசிறியால் தட்டித்தட்டி வரலாற்றுக் கதைகளை விரித்துரைக்கும் ‘கோதான்’ கலைஞர்கள், அவரை ஊர் ஊராக மாறுவேடத்தில் சென்று கொடியவர்களைத் தண்டிக்கும் முதியவராக்கினார்கள். அலைந்து திரிந்த அறிஞர் சாஸ்ஸா, கதையில் சுகே என்னும் மெய்க்காவலராகவும், ஆசாகா என்னும் மற்றோர் அறிஞர் காகு என்னும் துணைவராகவும் உருமாறினர். ஏட்டுச்சுவடி தேடிய பயணம் நீதி தேடும் பயணமாக மாறிய இந்த விந்தையே தொலைக்காட்சித் தொடருக்கு அடித்தளம்.

தொடரின் ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. ஓய்வுபெற்ற வணிகராக வேடமிட்ட முதியவர் ஓர் ஊருக்கு வருகிறார், அங்கே அதிகாரியும் வணிகனும் கூடி எளியவர்களை வதைக்கின்றனர், வாட்சண்டை மூள்கிறது, முடிவில் தோகுகவா குடும்பத்தின் மூவிலை முத்திரை பொறித்த ‘இன்ரோ’, அதாவது இடுப்பில் தொங்கவிடும் சிறு மருந்துப் பேழை, உயர்த்திக் காட்டப்பட, தீயவர்கள் மண்டியிடுகின்றனர். திங்கட்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியில் அந்தப் பேழை ஏறத்தாழ 8.45க்கு வெளிப்படும் என்பது வீடுதோறும் தெரிந்திருந்தது. முதலில் இவ்வேடமேற்ற தோனோ எய்ஜிரோ, ‘ஹையூசா’ என்னும் நவீன நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். குரோசாவா, ஓசு ஆகியோரின் படங்களிலும் நடித்தவர். வெண்தாடியும் உரத்த சிரிப்பும் கொண்ட, சற்றே முரட்டுத்தனமான கிராமத்துத் தாத்தாவாக அவர் அமைத்த வடிவம், 13 பாகங்களில் மக்கள் மனத்தில் மித்சுகுனியின் மெய்யுருவாகவே பதிந்தது. 1979 பிப்ரவரி 5 அன்று தோக்கியோ வட்டாரத்தில் தொடர் எட்டிய 43.7 விழுக்காட்டுப் பார்வையாளர் அளவு அவருடைய காலத்துக்கே உரியது.

1983இல், எழுபத்தைந்து வயதை எட்டிய தோனோ விலகியபோது, அந்த இடத்துக்கு நிஷிமுரா கோ வந்தார். திரைப்படங்களில் வஞ்சகர்களாகவும் கோணல் மனிதர்களாகவும் நடித்துப் பெயர்பெற்ற ஒருவர் நீதிமானாக வருவது முதலில் விந்தையாகத் தோன்றியிருந்தாலும், மெலிந்த உடலும் நாகரிகப் பேச்சும் கொண்ட அவருடைய கோமோன் 1992 வரை நிலைத்தார். 1993இல் வந்த சானோ அசாவோ, பிறர் துயரம் கேட்டுக் கண்கலங்கும் மென்மையான முதியவராக அதே வேடத்தை ஏற்றார். இவ்விரு மாற்றங்களும் பெரிய கலகமின்றி நடந்தேறியதற்குக் காரணம் ஜப்பானிய அரங்கப் பழக்கத்தில் இருக்கிறது. கபுகி நாடகத்திலும் ‘ராகுகோ’ என்னும் நகைச்சுவைக் கதைகூறலிலும், மறைந்த அல்லது ஓய்வுபெற்ற கலைஞரின் பெயரையே அடுத்த தலைமுறைக் கலைஞர் விழா எடுத்துச் சூடிக்கொள்வது வழக்கம். இதை ‘ஷூமேய்’ என்பர். பெயரும் பாவனையும் தொடர, ஆள் மட்டும் மாறுவது அந்த மரபில் இழப்பாகக் கருதப்படுவதில்லை. நிஷிமுராவை இரண்டாம் தலைமுறைக் கோமோன் என்றும் சானோவை மூன்றாம் தலைமுறை என்றும் மக்கள் எண்ணிச் சொன்னது அந்தப் பழக்கத்தின் நீட்சியே. சுகே, காகு வேடங்களிலும் நடிகர்கள் மாறிக்கொண்டேதான் இருந்தனர்.

நடிகர் மாற்றத்தையே ஜப்பானியப் பார்வையாளர்கள் எளிதாகக் கடந்தனர் என்பதற்கு மற்றொரு சான்று, அரசுசார் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் 1974ஆம் ஆண்டுத் தொடர் ‘காத்சு காய்ஷூ’. ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் வரும் ‘தாய்கா’ வரிசையைச் சேர்ந்த அத்தொடரில், 1868இல் ஷோகுன் அரசின் எதோ கோட்டையைப் போரின்றி ஒப்படைக்கப் பேச்சு நடத்திய அரசியலாளராக நடித்த வதாரி தெத்சுயா நோயுற்று ஒன்பது அத்தியாயங்களோடு விலக, பத்தாவதிலிருந்து மத்சுகதா ஹிரோகி அதே மனிதராகத் தோன்றினார். கதை நடுவே முகம் மாறிய இந்த இக்கட்டிலும், திரைக்கதை எழுதிய குராமோத்தோ சோ பாதியில் வெளியேறிய பிறகும், தொடர் ஆண்டிறுதிவரை ஓடி முடிந்தது.

ஆகவே 2001இல் எழுந்த எதிர்ப்பை, புதுமுகத்தின் மீதான வெறுப்பு என்று கொள்ள இயலாது. அவ்வாண்டு நான்காம் கோமோனாக வந்த இஷிசாகா கோஜி, இயக்குநர் இச்சிகாவா கோனின் படங்களில் கிந்தாய்ச்சி என்னும் துப்பறிவாளராக நடித்து எல்லா வயதினரின் அன்பையும் பெற்றிருந்தவர். வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். உண்மையான மித்சுகுனிக்கு அத்தகைய நீண்ட தாடி இருந்திருக்காது என்று கருதிய அவர், தாடியில்லாத முகத்தோடு திரையில் தோன்றினார். அவர் கருத்துக்கு வலுவான அடிப்படை உண்டு: 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமுராய்களிடையே தாடி வளர்க்கும் வழக்கம் மங்கியிருந்தது, 1670இல் ஷோகுன் அரசு பெருந்தாடிக்குத் தடையும் விதித்தது. ஆனால் பார்வையாளர்கள் இதை ஏற்கவில்லை. தாடியில்லாதவர் கோமோனே அல்லர் என்ற எதிர்ப்பு ஒளிபரப்பு நிலையத்தைத் தேடி வந்தது. பின்னர் தாடியும் திரும்பி வந்தது. முதுமை, பரிவு, மறைந்திருக்கும் அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் உணர்த்தும் அடையாளமாக அந்த வெண்தாடி முப்பது ஆண்டுகளாகச் செயல்பட்டிருந்தது என்பதையும், மித்தோ நகர ரயில் நிலையத்தின் முன் நிற்கும் சிலையிலும்கூட அதுவே இடம்பெற்றிருந்தது என்பதையும் நோக்க, மக்களின் சினத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் திங்கள் இரவில் நாடியது கோதான் கலைஞர்கள் வளர்த்த முதியவரை. வரலாற்று நூல் தொகுத்த சிற்றரசரை அன்று. இருப்பினும் இஷிசாகாவின் முயற்சி மதிப்புக்குரியது. தொகுப்பாளரும் சிந்தனையாளருமான ஒரு மனிதரைக் கதைப்போர்வையிலிருந்து சற்றேனும் வெளிக்கொணர, அந்த நெடிய தொடருக்குள் நிகழ்ந்த துணிவான முயற்சி அதுவே. அதற்கு மேலும் காலம் கிடைத்திருக்க வேண்டும். புற்றுநோய் கண்டு சிகிச்சைக்காக அவர் 2002இல் விலக நேர்ந்ததால் அந்தச் சோதனை இரண்டு பாகங்களோடு நின்றது.

ஐந்தாமவர் தேர்வில் தயாரிப்பாளர்கள் பாடம் கற்றிருந்தது தெரிகிறது. 1971 முதல் 1980களின் பிற்பகுதி வரை அதே தொடரில் சுகேயாக வாளேந்திய சாத்தோமி கோத்தாரோவே 2002இல் கோமோனாக அமர்த்தப்பட்டார். இளமையில் முதியவரின் வலப்புறம் நின்றவர், அறுபத்தைந்து வயதில் அந்த முதியவராகவே வந்தது, சீடன் ஆசானின் பெயரைச் சூடும் பழைய அரங்க முறையோடு மிக நெருங்கியிருந்தது. நெடுநாள் பார்வையாளர்களுக்கு அவர் புதியவராக இருக்கவில்லை. அவருடைய தாடியும் எவருக்கும் உறுத்தவில்லை.

ஆனாலும், பார்வையாளர் எண்ணிக்கை தேய்ந்துவந்ததை அவராலும் தடுக்க முடியவில்லை. ஜிதாய்கெகி பார்த்து வளர்ந்த தலைமுறை மூத்துவந்தது. விளம்பர நிறுவனங்கள் இளையோரைத் தேடிச் சென்றன. குதிரை, வாட்சண்டைக் கலைஞர், பொய்முடிக் கொண்டை என்று செலவு மிகுந்த கியோத்தோ படப்பிடிப்புத் தளங்களுக்கு வேலை குறைந்தது. 2011இல் தொடர் முடிவுக்கு வந்தபின், 2017இல் டி.பி.எஸ்.ஸின் செயற்கைக்கோள் அலைவரிசை தகெதா தெத்சுயாவைத் தலைவராகக் கொண்டு அதனை மீண்டும் எடுத்தபோது, அவரும் வெண்தாடியோடுதான் வந்தார்.