சிவப்பு மை படாத நோட்டு

1950களின் கடைசியில், ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போன ஓர் அமெரிக்க இளைஞருக்கு விநோதமான நோய் ஒன்று வந்தது. மேஜையில் காகிதம் இருக்கும், கையில் பேனா இருக்கும், வாக்கியம் மட்டும் வராது. அங்கேயோ கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதுதான் படிப்பே. வில்லியம்ஸ் கல்லூரியில் கெட்டிக்கார மாணவர் என்று பெயர் வாங்கி, உதவித்தொகையோடு கப்பலேறியவர் அவர். ஆனாலும் கை ஓடவில்லை. ஊர் திரும்பி ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அங்கும் அதே கதை. அவர்களாக அனுப்பிவிடுவதற்குள் தானே மூட்டை கட்டினார். அவர் பெயர் பீட்டர் எல்போ. எழுத வராமல் படிப்பை விட்ட இவர், எழுத்துப் பாடத்தையே புரட்டிப்போடுவார் என்று அன்று எவராவது ஜோசியம் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவர் அவராகத்தான் இருக்கும்.

வயிற்றுப் பிழைப்புக்காக எல்போ கல்லூரிகளில் பாடம் நடத்தினார். சில வருடங்கள் கழித்து, விட்ட படிப்பைப் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மறுபடி தொடங்கினார். இந்த முறை ஒரு தந்திரம் செய்தார். பேனா நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், ஏன் நின்றது என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள்தான் 1973ல் 'ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்' என்ற புத்தகமாக வளர்ந்தன. முதலில் நிறுத்தாமல் எழுதித் தள்ள வேண்டும், திருத்துவதெல்லாம் பிறகு. எழுதுகிறவனுக்கு முதல் தேவை வாசிக்கிற ஆள், தீர்ப்பு சொல்கிற ஆள் அப்புறம் வரட்டும். புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாய்மொழியே ஆங்கிலமாக இருந்தவருக்கு இந்தப் பாடு என்றால், ஆங்கிலமே தெரியாமல் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் கதி?

அதற்கான விடை, எல்போவை அறியாமலே, நாட்டின் மறுகோடியில் தயாராகிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஆறாம் வகுப்பு ஆசிரியை லெஸ்லி ரீட். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர் வகுப்பில் இருந்தார்கள். ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, தினமும் எதையாவது எழுதித் தரச் சொன்னார். கணக்கு புரியவில்லை, பக்கத்துப் பையன் இடித்தான், சாப்பாடு பிடிக்கவில்லை, எதுவானாலும் சரி. வகுப்பு முடிந்ததும் நோட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார். அந்த நோட்டுகளில் சிவப்பு மை மட்டும் படவே படாது.

அப்படியானால் பிழைகள்? அங்கேதான் சூட்சுமம். ஒரு பிள்ளை 'ஐ கோ பார்க் யெஸ்டர்டே' என்று எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். 'கோ' மேல் வட்டம் போட்டால் பிள்ளை அடுத்த நாள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். மாறாக, 'ஓ, யூ வென்ட் டு த பார்க்! ஹூ வென்ட் வித் யூ?' என்று பதில் வந்தால், சரியான சொல் கேள்விக்குள் ஒளிந்துகொண்டு போய்ச் சேரும். பதில் சொல்லும் ஆசையில் பிள்ளை அந்தச் சொல்லையே எடுத்துப் புழங்கும். ரீட் இதை ஆய்வென்று நினைத்துச் செய்யவில்லை, வருடக்கணக்காகச் செய்துவந்த பழக்கம் அது. 1970களின் முடிவில் ஜானா ஸ்டேட்டன் என்ற ஆய்வாளரின் கையில் அந்த நோட்டுகள் சிக்கின. அவரும் கூட்டாளிகளும் வரிவரியாக ஆராய்ந்ததில் 'உரையாடல் நோட்டு' என்ற முறைக்கே பெயர் கிடைத்தது. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் வகுப்புகளுக்கெல்லாம் அது பரவியது. ஆனால் ஒரு குறை. நோட்டில் நடந்தது இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பிள்ளை தேறியதா இல்லையா என்று தீர்மானித்தது வருடக் கடைசியில் வந்த பரீட்சைதான்.

அந்தப் பரீட்சையோடு மோதும் வாய்ப்பு, 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எல்போவுக்கே வந்தது. எழுத்துத் திட்டத்தின் பொறுப்பில் இருந்த அவரும் பேட் பெலனாஃபும் மாணவர்கள் எழுதிய தகுதித் தேர்வைப் பார்த்துக் கசந்துபோனார்கள். கொடுத்த தலைப்பில், கொடுத்த நேரத்துக்குள், ஒரே மூச்சில் எழுத வேண்டும். மனத்துக்குள் இன்னொரு மொழியில் யோசித்து ஆங்கிலத்துக்கு வருகிறவனுக்குக் கடிகாரமே முதல் எதிரி. ஆக்ஸ்ஃபோர்டில் உறைந்துபோன கை எல்போவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தேர்வைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோப்பு ஒன்றை வைத்தார்கள். அந்தப் பருவத்தில் எழுதித் திருத்தித் தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகள், கூடவே வகுப்பிலேயே திருத்தாமல் எழுதிய ஒன்று. அந்த மாணவரை முன்பின் தெரியாத இன்னோர் ஆசிரியர் அதைப் படித்துத் தேறியதா என்று சொல்வார். மாணவரின் சொந்த ஆசிரியர் நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கிப் பயிற்சியாளர் ஆனார்.

கோப்புக்குப் பெயரும் தயாராக இருந்தது. தாள்களைச் செருகி எடுத்துச்செல்லும் பைக்கு இத்தாலியர் வைத்த பெயரில் 'சுமப்பது', 'தாள்' என்று இரண்டு சொற்கள் ஒட்டியிருந்தன. அதுவே ஆங்கிலத்தில் போர்ட்ஃபோலியோ. ஓவியர்கள் தங்கள் படங்களை எடுத்துச்செல்லும் அட்டைப் பைக்கும் அதே பெயர்தான். எல்போவும் பெலனாஃபும் 1986ல் இந்தச் சோதனையைக் கட்டுரையாக எழுத, கோப்பு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது. கூடவே ஒரு தலைவலியும் ஏறியது. இத்தனை தாள்களை எங்கே வைப்பது?

1990களில் அலாஸ்காவில் ஹெலன் பாரெட் என்ற கல்வியாளர் அந்தக் கோப்புகளைக் கணினிக்குள் திணிக்கும் வழிகளைத் தேடத் தொடங்கினார். ஐரோப்பாவோ தாளை விடவில்லை. 1991ல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகானில் கூடிய மொழி வல்லுநர்கள், மொழி கற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு இருக்கட்டும் என்று யோசனை சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, 2001ல், ஐரோப்பிய மொழிக் கோப்பு முறைப்படி வெளிவந்தது. மொழிப் பாஸ்போர்ட், மொழி வாழ்க்கைக் குறிப்பு, படைப்புகளின் தொகுப்பு என்று மூன்று பகுதிகள். அயர்லாந்தில் டேவிட் லிட்டில் என்ற மொழிக் கல்வியாளரின் முயற்சியில், ஆங்கிலம் தெரியாமல் வந்திறங்கிய அகதிகளும் பள்ளிப் பிள்ளைகளும், 'என்னால் இது முடியும்' என்று தாங்களே குறிக்கும் கோப்புகளைச் சுமந்தார்கள். எல்லாம் சரி, கோப்பு அலமாரியில் ஏறிவிட்டால் ஆசிரியரைத் தவிர யார் திறப்பார்? வாசகனைத் தேடித்தரும் வேலையைச் செய்யப்போனவர்களுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைப்பே இல்லை.

1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தான் மேய்ந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பக்கத்தை 'வெப்லாக்' என்று அழைத்தார். 1999ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டாக அந்தச் சொல்லை வேறு இடத்தில் உடைத்து 'வீ பிளாக்' ஆக்கினார். 'பிளாக்' ஒட்டிக்கொண்டது. அதே வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஈவன் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹானும் தொடங்கிய பைரா லேப்ஸ், அலுவலகத் திட்டங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவே குறிப்புகளைப் பகிர உள்ளுக்குள் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள். அதைத் தட்டிக்கொட்டி, ஆகஸ்டில் 'பிளாகர்' என்று இலவசமாக வெளியே விட்டார்கள். குரங்கு பிடிக்கப்போய்ப் பிள்ளையாராக முடிந்தது. பெரிய மென்பொருளை உலகம் மறந்தது, பிளாகரில் கூட்டம் நெரிந்தது. கூட்டம் வந்ததே தவிர, காசு வரவில்லை.

2001 ஜனவரியில் கஜானா காலி. கூட இருந்தவர்கள் எல்லோரும் போய்விட, வில்லியம்ஸ் மட்டும் தனியாளாகப் பிளாகரைத் தாங்கிப் பிடித்தார். அன்று அவர் விளக்கை அணைத்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். காப்பாற்ற வந்தவர் டான் பிரிக்ளின். கணினியில் கணக்கு அட்டவணையைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். தன் நிறுவனமான டிரெலிக்ஸின் வழியாக ஓர் ஒப்பந்தம் போட்டு மூச்சுவிடப் பணம் தந்தார். பிளாகர் தப்பித்து 2003 பிப்ரவரி வரை வந்தது. அந்த மாதம் கூகுள் அதை வாங்கியது. உலகமே அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஒருவரும் கவனிக்காத இன்னொரு காரியம் நடந்தது.

ஜப்பானின் கியோட்டோவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆரன் கேம்பெல், ஆங்கில ஆசிரியர்களுக்கான இணைய இதழ் ஒன்றில் சின்னக் கட்டுரை எழுதினார். ஆங்கிலம் கற்பவர் வகுப்புக்கு வலைப்பதிவைக் கொண்டுவரலாம் என்றார். ஆசிரியர் நடத்துவது ஒன்று, வகுப்பே சேர்ந்து நடத்துவது ஒன்று, மாணவர் தனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்று என்று மூன்றாகப் பிரித்தார். வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலத்துக்கு வேலையே இல்லாத ஊரில், மாணவனின் ஆங்கில வரிகளை வேறொரு கண்டத்தில் ஒருவர் நிஜமாகவே படிக்கலாம்! பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஆங்கிலம் கற்பித்த பார்பரா டியூ போன்றவர்களுடன் கைகோத்து, மாணவர்களின் வலைப்பதிவுகளை இணைக்கும் தளம் ஒன்றையும் கேம்பெல் நடத்தினார். அதன் பெயர் 'டெகிட்டா'. ஜப்பானிய மொழியில் 'முடித்துவிட்டேன்' என்று மகிழ்ச்சியோடு சொல்லும் சொல். ஆனால் எதுவும் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடவில்லை.

முதல் இடி பின்னூட்டத்தில் விழுந்தது. பிளாகரிலேயே பின்னூட்டப் பெட்டி வந்தது 2004 மே மாதம்தான், அதுவரை வேறு தளங்களிலிருந்து இரவல் வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. பெட்டி வந்த பிறகும் பல பதிவுகளின் கீழே பூஜ்யமே உட்கார்ந்திருந்தது. உலகமே படிக்கலாம் என்று சொல்லிப் பிள்ளையை எழுத வைத்தால், ஒருவரும் படிக்கவில்லை என்பதையும் அந்தப் பூஜ்யம் உலகத்துக்கே காட்டியது. பருவம் முடிந்ததும் மாணவர்கள் போய்விட, பதிவுகள் பாழ்வீடாகக் கிடந்தன. சின்னப் பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் ஊரறிய வைப்பதா என்று பெற்றோர் கேட்ட கேள்வி இன்னொரு பக்கம். வலைப்பதிவு வாசலைத் திறந்துவைத்தது, கோப்பு வேலைகளைப் பொறுக்கிச் சேர்த்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியேறினால்?

அதற்கான சோதனையை ஹெலன் பாரெட் தன்மேலேயே செய்துகொண்டிருந்தார். 2004 முதல் தன் சொந்தக் கோப்பையே 30க்கும் மேற்பட்ட மென்பொருள்களில் மறுபடி மறுபடி கட்டிப் பார்த்தார். வலைப்பதிவும் அதில் ஒன்று. நாள்வாரியாகச் சேர்ப்பது வேறு, அதிலிருந்து நல்லதைப் பொறுக்கி 'இதை ஏன் எடுத்தேன்' என்று யோசிப்பது வேறு, இரண்டும் வேண்டும் என்று சொல்லிவந்தார். பெரியவர்களுக்கு அது சரி. தட்டச்சுகூடத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கடைசி அதிர்ஷ்டமும் தவறான கதவைத் தட்டித்தான் வந்தது. ஃபேஸ்புக்கிலிருந்து வெளியேறிய கார்ல் ஷோகிரீனும் ஏட்ரியன் கிரஹாமும் 2013ல் 'ஷேடோ பப்பெட்' என்ற செயலியை வெளியிட்டார்கள். குடும்பப் புகைப்படங்களை வரிசையாக வைத்து, மேலே குரலைப் பதிவு செய்து காணொளியாக்கும் பொழுதுபோக்குச் சாமான் அது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், ஆசிரியர்களும் பிள்ளைகளும்! எந்தக் கடை விரித்தோம், யார் வாங்குகிறார்கள் என்று விழித்தவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். 2015 ஜனவரியில், பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'சீசா' வந்தது. படம் வரை, புகைப்படம் எடு, பேசு, சேமி. ஆசிரியர் பார்ப்பார், வீட்டில் அம்மா அப்பா பார்ப்பார்கள், ஊரார் பார்க்க மாட்டார்கள். எழுத்து இன்னும் வராத, வாய் திறக்கவும் கூச்சப்படும் புதுப்பிள்ளைக்கு, யாரும் கேட்காத மூலையில் ஒரு வாக்கியத்தை ஐந்து முறை பதிவு செய்து, பிடித்ததை மட்டும் அனுப்பும் வசதி கிடைத்தது.

இன்று ஆங்கிலம் கற்கும் வகுப்பில் ஒரு பிள்ளை டேப்லெட்டைத் திறந்து சாவகாசமாகத் தொடுகிற டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, இப்படித்தான் பிறந்தது. எழுத வராத ஒரு மேதை, சிவப்பு மையைத் தொடாத ஓர் ஆசிரியை, ஓவியரின் அட்டைப் பை, கஜானா காலியாகித் தப்பித்த ஒரு கம்பெனி, வழிதவறி வந்த ஒரு பொம்மை. செப்டம்பரில் திக்கித் திக்கிப் பேசிய குரலை மே மாதத்தில் போட்டுக் கேட்டால், எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிகிறது. அதைச் சொல்ல மதிப்பெண் பட்டியல் வேண்டியதில்லை.

தாள் போனது, அலமாரி போனது, கடிகாரமும் போனது. ஆனால் பதிவின் கீழே 'ஓ, யூ வென்ட் டு த பார்க்! ஹூ வென்ட் வித் யூ?' என்று ஒருவர் கேட்காவிட்டால், அந்தப் பெட்டியில் மறுபடி பூஜ்யம்தான். லெஸ்லி ரீட் பிரித்த நோட்டுக் கட்டின் எடைதான் குறைந்திருக்கிறது. உட்கார்ந்து பதில் எழுதும் வேலை அப்படியே இருக்கிறது.