பருத்தி சுற்றிய வளையம்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. பல்லவர் காலத்துச் சமணக் கோயில் உள்ள ஊர். 'ஜினகாஞ்சி' என்றும் சொல்வார்கள். ஊர்ப் பெயரிலேயே பருத்தி, பக்கத்துக் காஞ்சியில் பட்டு! நம் தெருமுனையில் 'ங்ங்ங்...' என்று முனகிக்கொண்டு நிற்கிறதே டிரான்ஸ்பார்மர், அதன் ஜாதகத்தில் இந்த இரண்டு நூலுக்குமே பங்கு உண்டு. நம்ப முடியவில்லையா? லண்டன் வரை போய் வருவோம், வாருங்கள்.

1831, ஆகஸ்ட் 29. ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடம். கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, ஆறு அங்குல இரும்பு வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு பாதியில் செம்புக் கம்பியைச் சுற்றினார். எதிர்ப் பாதியில் வேறு கம்பி. ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது.

இதில் ஒரு சிக்கல். அன்றைய கம்பிக்கு மேலுறை ஏது? வெறும் செம்பு. ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டால் போச்சு! கரன்ட் குறுக்கு வழியில் ஓடிவிடும். ஃபாரடே என்ன செய்தார் தெரியுமா? சுற்றுகளுக்கு நடுவே நூல்கயிறு, அடுக்குகளுக்கு நடுவே 'காலிகோ' என்ற பருத்தித் துணி!

காலிகோ என்ற பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறியது. அந்த இந்தியத் துணி இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டதில் உள்ளூர் நெசவாளிகள் கொதித்துப்போனார்கள். 1721-ல் அச்சிட்ட காலிகோவை உடுத்தவே பார்லிமென்ட் தடை போட்டது! ஃபாரடே காலத்துக்குள் நிலைமை தலைகீழ். மான்செஸ்டர் மில்கள் துணி நெய்து நமக்கே விற்க ஆரம்பித்துவிட்டன. பெயர் நம்முடையது, வியாபாரம் அவர்களுடையது.

சரி, வளையத்துக்கு வருவோம். முதல் கம்பியை பாட்டரியில் இணைத்ததும், எதிர்ப்பக்கக் கம்பியின் அருகிலிருந்த காந்த ஊசி ஒரு துள்ளு துள்ளியது. பிறகு? ஊஹூம், அசையவில்லை. இணைப்பைப் பிடுங்கியதும் எதிர்த்திசையில் மறுபடி ஒரு துள்ளல். ரகசியம் அங்கேதான். கரன்ட் சும்மா ஓடினால் போதாது, மாற வேண்டும். அது மாறும்போது இரும்புக்குள் காந்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வோல்ட்டைத் தூண்டுகிறது. சுற்று கூடினால் வோல்ட்டும் கூடும். அவ்வளவுதான் டிரான்ஸ்பார்மர்!

தெருவுக்கு வருவது 11,000 வோல்ட். அதைச் சுமார் 250 ஆக்க, உள்ளே வரும் பக்கம் 44 சுற்று இருந்தால் வெளியே போகும் பக்கம் ஒரு சுற்று. இணைத்துப் பிடுங்க ஆள் வேண்டாம். நம் கரன்ட் தானாகவே நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், கம்பி முழுக்கப் பட்டு நூலைச் சுற்றினார். அதனால் கம்பியை நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்ற முடிந்தது. அவருடைய மின்காந்தங்கள் டன் கணக்கில் எடை தூக்கின. தூண்டலை அவரும் கண்டுபிடித்தார். ஆனால், முதலில் வெளியிட்டவர் ஃபாரடே.

இனி நம் ஊர். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரன்ட்டின் வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் ஏற்றிக் கொடுத்தது. வோல்ட் ஏறினால் கரன்ட்டின் அளவு குறையும், வழியில் சூடாகி வீணாவதும் குறையும். மலையிலிருந்து இறங்கி அது ஓட்டியது எதை? கோவைப் பஞ்சாலைகளை! பிறகு விசைத்தறி பெருகிக் கைத்தறியை நெருக்க, சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் போட வேண்டி வந்தது.

இன்றும் டிரான்ஸ்பார்மருக்குள் கம்பியைக் கம்பியிலிருந்து பிரித்து வைப்பது பெரும்பாலும் எண்ணெயில் ஊறிய காகிதம். அதாவது, தாவர நார்! வோல்ட்டைத் தூண்டுவது காந்தம். அது வீணாகாமல் காப்பது நார். ஃபாரடேவுக்கும் ஹென்றிக்கும் சரித்திரத்தில் பெயர் இருக்கிறது. அந்தத் துணியை நெய்தவருக்கு?