பாஸ்

ஹைதராபாத்தின் கூகட்பள்ளி கேமிங் சென்டர் ஒன்றில் ‘பாஸ் போயாடு!’ (பாஸ் செத்தான்!) என்று ஒரு பையன் தெலுங்கில் கத்தினான். செத்தது எந்த முதலாளியும் அல்ல; 2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ ஆட்டத்தின் மலேனியா. வாள்வீச்சு நம்மேல் பட்டாலே இழந்த உயிரை மீட்டுக்கொள்ளும் பொல்லாதவள். பாஸ், எஜமானைக் குறித்த டச்சுச் சொல். நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியே அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போனது. ‘மாஸ்டர்’ என்றால் அடிமை வாடை அடிக்கிறதே என்று கூசிய கூலியாட்களுக்கு வசதியாயிற்று. ஹைதராபாத்தில் பாஸ் என்றால் நடிகர் சிரஞ்சீவி. நம்மிடமோ மரியாதை இளகி, வழி கேட்பவரும் பாஸ், டீ போடுபவரும் பாஸ். விளையாட்டில்தான் அது வழிமறிக்கும் பெரிய எதிரி. அதைத் தமிழில் ‘இறுதி எதிரி’ என்பது பொருந்தாது. மலேனியாவைத் தொடாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். எனக்குப் பிடித்தது ‘பெருந்தலை’. செல்வாக்கு, மிரட்டல், கொஞ்சம் கிண்டல், மூன்றும் அதில் உண்டு. பாஸின் பலமும் ஆடுபவர் பலமும் ஒத்திருப்பதைச் சொல்லும் ‘பேலன்ஸு’க்கும் ஒரு சொல் வேண்டும். ‘சமநிலை’ என்றால் தராசு வாடை. ‘ஈடு’ இருக்கிறதே! நிகர் என்றும் அடமானம் என்றும் பொருள். திருவாய்மொழியின் உரை ஒன்றுக்கும் அதுவே பெயர். ஈடுகொடுக்க முடிகிற பெருந்தலைதான் நல்ல பெருந்தலை. மலேனியா அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியவள். எழுதும்போது பெருந்தலை என்றே எழுதுங்கள். கத்தும்போது பாஸ் இருந்துவிட்டுப் போகட்டும்.