பழைய மோட்டார் படகைப் புதுப்பிக்கப் போறீங்களா? முதலில் பின்பக்கத்தைத் தட்டிப் பாருங்க

பழைய ஃபைபர்கிளாஸ் படகு மலிவாகக் கிடைத்தால் மனம் உடனே புது இன்ஜின் பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்க. வெளியே மாட்டும் இன்ஜினைத் தாங்குவது படகின் பின்பக்கச் சுவர். பல பழைய படகுகளில் அதற்குள் இருப்பது பிளைவுட் பலகை.

திருகாணித் துளை வழியே தண்ணீர் புகுந்தால் பலகை உள்ளேயே மக்கிவிடும். வெளியே பெயிண்ட் என்னவோ பளபளன்னுதான் இருக்கும்! சிறிய சுத்தியலால் தட்டுங்கள். "டக் டக்" என்று கேட்டால் நல்லது. "தொப்" என்றால் சந்தேகம். இன்ஜினை மேலும் கீழும் அசைக்கும்போது சுவர் வளையவே கூடாது.

புதிய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், அதே குதிரைத்திறன் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக்கைவிடப் பொதுவாகக் கனமானது. மக்கிய சுவரில் மாட்டினால் நடுக்கடலில் பிய்ந்துவிடலாம்.

பெட்ரோல் இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கிறதா? கார் ஸ்டார்ட்டரைப் பொருத்துவது சிக்கனம் இல்லை, ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கிவிடும். படகுக்கென்றே செய்த ஸ்டார்ட்டரில் தீப்பொறி ஆவியைப் பற்றவைக்காதபடி பாதுகாப்பு உண்டு. கார் ஸ்டார்ட்டரில் அது கிடையாது.

சிங்கப்பூரில் படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஓட்டுபவருக்குத் தனி உரிமம்.